பயிற்சிக் காலத்துக்கு யார் பொறுப்பு?
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் பாடசாலை வருடந்தோறும் பிள்ளைகளைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறது. உயர்தரப் பரீட்சை வரையில் அவர்களுக்கு வேண்டியதை நாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். பட்டப்படிப்பின்போது அவர்கள் கம்பனிகளுக்கும் வங்கிகளுக்கும் பயிற்சிக்குப் போகும் மாதங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பேச விரும்புகிறோம்.

வைத்தியத்துறையில் உள்ள எங்களுக்கு உள்ளகப் பயிற்சி சட்டத்தோடு வருகிறது. இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்தவர் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு பெற்ற பின்பே பயிற்சியைத் தொடங்கலாம். பயிற்சி ஒரு வருடம். ஆறு மாதம் ஒரு பிரிவில், ஆறு மாதம் இன்னொரு பிரிவில். அது திருப்தியாக முடிந்தது என்று பொறுப்பான வைத்திய நிபுணர் உறுதிப்படுத்தினால்தான் முழுப் பதிவு கிடைக்கும். சம்பளமும் உண்டு. தூக்கமில்லாத இரவுகளும் ஏச்சும் பேச்சும் அங்கும் இருக்கின்றன. ஆனாலும் பிள்ளை என்ன பழகினாள் என்பதற்கு ஒருவர் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கிறார்.

மற்றப் பீடங்களில் நிலைமை இடத்துக்கு இடம் மாறுகிறது. பொறியியல் மாணவர்களின் பயிற்சியில் நைற்றா எனப்படும் அதிகார சபைக்கும் பங்குண்டு. முகாமைத்துவம், கணினி போன்ற துறைகளில் பெரும்பாலும் எல்லாம் பீடத்தினதும் கம்பனியினதும் அக்கறையைப் பொறுத்தது. இலங்கைத் தகைமைகள் சட்டகம் கைத்தொழிற் பயிற்சிக்கு ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம் என்று சொல்கிறது. ஆறு கிரெடிட் என்றால் 600 மணித்தியாலம். அவ்வளவு நேரமும் போட்டோகொப்பி எடுப்பதிலும் கோப்பு அடுக்குவதிலும் போனாலும் கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.

வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ கொழும்புக்குப் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அறை வாடகை, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் வீட்டிலிருந்தே வர வேண்டும். கொடுப்பனவு இல்லாத இடம் எவ்வளவு நல்லதானாலும் அவளால் போக முடியாது. ஆளைத் தெரிந்தவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கிறது. அவள் கிடைத்த இடத்துக்குப் போகிறாள். அங்கே மேலதிகாரி தகாத விதமாக நடந்தால் யாரிடம் சொல்வாள்? தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் அவளுடைய பயிற்சி அறிக்கையில் கையொப்பமிடுபவரும் அதே ஆள் என்றால், சட்டம் இருந்தும் அவள் வாய் திறக்க மாட்டாள்.

ஆகவே பல்கலைக்கழகங்கள் சில விதிகளைக் கட்டாயமாக்க வேண்டும். பயிற்சி தொடங்குமுன் என்ன வேலை, என்ன பழக வேண்டும் என்று எழுத்தில் ஓர் உடன்பாடு. பெயர் குறித்த ஒரு மேற்பார்வையாளர். இடையில் ஒரு தடவையாவது விரிவுரையாளர் நேரில் போய்ப் பார்ப்பது. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்குமாவது போதுமான கொடுப்பனவு. புள்ளி போடுபவரல்லாத இன்னொருவரிடம் முறையிடும் வழி. முடிவில் மாணவியும் அந்த இடத்தைப் பற்றி எழுத வேண்டும். தொடர்ந்து முறைப்பாடு வரும் இடத்துக்கு அடுத்த வருடம் ஒருவரையும் அனுப்பக்கூடாது.

விதி கூடினால் கம்பனிகள் மாணவர்களை எடுக்காமல் விட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானதே. அதனால்தான் படிவங்களைக் கூட்டச் சொல்லவில்லை. ஒரு தாளில் அடங்கும் விதிகளே போதும். அதற்கும் சம்மதிக்காத இடத்தில் பிள்ளை பழகுவதற்கு என்ன இருக்கப்போகிறது?

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. எங்களில் கணக்காளர்கள், வங்கி முகாமையாளர்கள், கம்பனி நடத்துபவர்கள் இருக்கிறோம். இந்த விதிகளை முதலில் எங்கள் அலுவலகங்களில் நடைமுறைப்படுத்துவோம். கொழும்பில் வீடுள்ளவர்கள் ஓர் அறையைக் கொடுக்கலாம். வெளிநாட்டில் உள்ளவர்கள் ஒரு பிள்ளையின் ஆறு மாத வாடகையைப் பொறுப்பேற்கலாம். சங்கம் நல்ல பயிற்சி இடங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தால், ஆளைத் தெரியாத பிள்ளைக்கும் நாம் ஆளாக இருப்போம்.

நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவது நல்லது. அதோடு இதையும் செய்வோம்.