ஜிகாத்: ஒரு சொல்லும் அதன் மீதான அரசியலும்

(எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் தமிழ்த் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2021 மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் பெங்களூரு மூச்சுத்திணறிக் கிடந்தது. மாநகராட்சியின் தெற்கு மண்டலக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்த பாஜக நாடாளுமன்ற உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா, படுக்கை ஒதுக்கீட்டில் முறைகேடு நடப்பதாகக் கூறி, அங்கிருந்த சுமார் 200 ஊழியர்களுள் முஸ்லிம்களின் பெயர்களை மட்டும் வாசித்தார். உடன்வந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மதரசாவுக்கா ஆள் எடுத்தீர்கள் என்று கேட்டார். முந்தைய ஆண்டு 'கொரோனா ஜிகாத்' எனக் கிளப்பப்பட்ட அவதூறின் தொடர்ச்சியே இது. ஒப்பந்த ஊழியர்களின் பிழைப்பையே பறிக்கும் வலிமை ஒரு சொல்லுக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. ஆகவே அச்சொல்லை அறிந்தாக வேண்டும்.

ஜிகாத் என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் முயற்சி, பாடுபடுதல் என்பதாகும். சண்டையிடுதலுக்குக் குர்ஆனில் 'கிதால்' என்ற வேறு சொல் உண்டு. பல தெய்வ வழிபாட்டிற்குத் திரும்புமாறு மகனை வற்புறுத்தும் பெற்றோரின் முயற்சியையும், 31ஆம் அத்தியாயம் ஜிகாதின் வினைவடிவத்தாலேயே குறிக்கிறது. அத்தகைய பெற்றோரிடமும் இவ்வுலகில் நல்லமுறையில் நடந்துகொள்ளப் பணிக்கிறது. கொடுங்கோலன் முன் நீதியை எடுத்துரைப்பதே சிறந்த ஜிகாத் என்பது நபிமொழித் தொகுப்புகளில் காணப்படும் கருத்து.

ஜிகாத் போரையும் குறிக்கும். அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் போரை யார் அறிவிக்கலாம், யாரைக் கொல்லலாகாது என்று இடைக்காலச் சட்ட அறிஞர்கள் வரம்பு வகுத்தனர். பெண்களும் சிறுவர்களும் அவ்வரம்பால் காக்கப்பட்டனர். அவ்வரம்பை இன்றைய பயங்கரவாதக் குழுக்கள் மிதித்தெறிந்தன. 1980களில் ஆப்கானிஸ்தானில் முஜாஹிதீன்களுக்கு ஆயுதமும் பணமும் வாரி வழங்கியது அமெரிக்க ஏகாதிபத்தியம் என்பதையும் மறக்கலாகாது.

தென்னிந்திய வரலாறு மற்றொரு சான்றைத் தருகிறது. 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் ஷெய்க் ஜைனுத்தீன் மக்தூம், போர்ச்சுகீசியருக்கு எதிரான ஜிகாதுக்கு அறைகூவி அரபு மொழியில் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' எழுதினார். பீஜப்பூர் சுல்தானுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்நூல் போற்றும் கோழிக்கோட்டுச் சாமூதிரி ஓர் இந்து மன்னர். அவருடைய கடற்படையை நடத்தியவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். அங்கே மோதல் மதங்களுக்கு இடையே அன்று. கடல் வாணிபத்தைக் கொள்ளையிட்டவர்களுக்கும் மண்ணின் மக்களுக்கும் இடையேதான்.

இன்றோ காதல், நிலம், வாக்கு என எதனோடும் இச்சொல் ஒட்டப்படுகிறது. 'லவ் ஜிகாத்' சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை, மத்திய அமைப்புகள் எதுவும் அத்தகைய வழக்கைத் தெரிவிக்கவில்லை என்று 2020 பிப்ரவரியில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் பதிலளித்தது. ஆயினும் பிரச்சாரம் ஓயவில்லை. ஆதாரம் அதற்குத் தேவைப்படவில்லை. அச்சமே போதுமானதாக இருக்கிறது.

அந்த அச்சத்தால் ஆதாயம் யாருக்கு? 2024இல் ஐ.டி. ஊழியரின் வேலைநாளை 14 மணி நேரம்வரை நீட்டிக்கும் யோசனை வந்தது, கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கம் எதிர்த்துக் களமிறங்கியது. அந்த 14 மணி நேரம் இந்துவுக்கு ஒன்று, முஸ்லிமுக்கு வேறொன்று என்று வரவிருக்கவில்லை. பக்கத்து இருக்கைத் தொழிலாளியின் பெயர் சந்தேகத்தோடு வாசிக்கப்படும்போது முதல் எதிர்ப்புக் குரல் அவருடைய சக தொழிலாளியிடமிருந்து எழ வேண்டும். அக்குரலை எழுப்புவது தோழர்களின் கடமை.