எண்ணிப் பார்த்த மருந்து
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது நான் திகைத்தேன். நான் வைத்தியன் அல்லன். பட்டம் பெற்றவனும் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்சல் கணக்கு எழுதி வருபவன். ஆயினும், "உமக்கு நேர்ந்ததைச் சொல்லும், அதன் பின் நீர் படித்தறிந்ததைச் சொல்லும், அது போதும்" என்றார் அவர். அந்தத் துணிவில் உங்கள் முன் நிற்கிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புனே நகரில் கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய காலம் அது. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், நாமெல்லோரும் அண்ணாச்சி என்று அழைத்து வந்த பெரியவர், மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மா கிடைத்தால் பிழைப்பார் என்று யாரோ சொன்னார்கள். நானும் இன்னும் மூவரும் ஹடப்சரிலிருந்து புறப்பட்டு, இரண்டு பகலும் ஓர் இரவும் இரத்த வங்கிகளின் வாசலில் தவம் கிடந்தோம். இறுதியில் ஒரு பை கிடைத்தது. அதை நெஞ்சோடு அணைத்துக் கொண்டு ஓடினேன். மூன்றாம் நாள் அண்ணாச்சி காலமானார்.

பிளாஸ்மாவினால் அவர் இறந்தார் என்று நான் சொல்லவில்லை. என் மனத்தை இன்றும் அறுப்பது வேறொன்று. நாங்கள் நால்வரும் அலைந்து கொண்டிருந்த அந்த இரண்டு நாளும் அவருடைய துணைவியார் வீட்டில் காய்ச்சலோடு தனியே கிடந்தார். கஞ்சி வைத்துக் கொடுக்கவும் ஆளில்லை. அவர் பிழைத்தது அவருடைய நல்லூழ், எங்கள் முயற்சியன்று.

பல மாதங்கள் கழித்தே நான் ஓர் உண்மையை அறிந்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை நம் நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு இதே பிளாஸ்மாவைச் சோதித்திருந்தது. 235 பேருக்குப் பிளாஸ்மாவும் வழக்கமான சிகிச்சையும். 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பிளாஸ்மா பெற்றவர்களில் 44 பேர் நோய் முற்றியோ உயிரிழந்தோ போயினர். பெறாதவர்களில் அவ்வாறு ஆனவர்கள் 41 பேர். அதாவது நூற்றுக்குப் பத்தொன்பதும் பதினெட்டும். பயன் ஏதும் இல்லை என்பதே முடிவு. இம்முடிவு 2020 அக்டோபரிலேயே அச்சாகி உலகம் முழுதும் பரவிவிட்டது. அரசின் சிகிச்சைப் பரிந்துரையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டதோ 2021 மே 17ஆம் நாளில்தான். இடையில் கழிந்த ஏழு மாதங்களில் எத்தனை குடும்பங்கள் எங்களைப் போல் அலைந்தனவோ!

அன்பர்களே! ஒரு மருந்து பயன் தருமா, தராதா என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? "என் மைத்துனருக்குக் கொடுத்தார்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டார்" என்கிறோம். அந்த மருந்து இல்லாமலே அவர் எழுந்து உட்கார்ந்திருப்பாரோ என்று நாம் கேட்பதில்லை. பார்சல் ஆபீசில் எடை போடும் யந்திரத்தின் மேல் பெட்டியை வைப்பதற்கு முன், வெறும் தட்டில் முள் சைபரில் நிற்கிறதா என்று பார்ப்போம். அதைப் பாராமல் போட்ட எடை எடையன்று. மருத்துவ ஆராய்ச்சியிலும் அதே நியதிதான். மருந்து பெறாதவர்களின் கணக்கு கையில் இல்லையேல், மருந்து பெற்றவர்களின் கணக்குக்குப் பொருளில்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை வைத்தியரே தேர்ந்தெடுக்கலாகாது. அவர் இரக்கத்தினாலோ நம்பிக்கையினாலோ தேறக்கூடியவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். ஆகவே குலுக்கல் முறையில் பிரிக்கின்றனர். அப்போதுதான் முதியவரும் இளைஞரும், ஏழையும் செல்வரும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்து அமைவர்.

இம்முறையில் நடந்த ஓர் ஆராய்ச்சியால் உலகத்தின் வழக்கத்தையே மாற்றிய பெருமை நம் சென்னை மாநகருக்கு உண்டு. காசநோய்க்கு நல்ல காற்றும், நல்ல உணவும், ஓய்வும், சானடோரிய வாசமும் இன்றியமையாதவை என்று வைத்தியர்கள் கருதிய காலம் ஒன்று இருந்தது. நாட்டில் நோயாளிகளோ இலட்சக்கணக்கில். படுக்கைகளோ மிகச் சில. 1956ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்த முயற்சி அது. நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றனர். மற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம்.

வீட்டில் இருந்தவர்கள் உண்டது குறைவு; உழைத்தது அதிகம்; உறங்கியது நெருக்கடியான குடிசைகளில். ஆயினும் முடிவு என்ன? 1959இல் வெளியான கணக்கின்படி, ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். வேறுபாடு சிறிதே. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாகத் தீங்கு விளையவில்லை. காக்கும் பொருள் மருந்துதான், கட்டடமன்று என்பது விளங்கியது. உலகெங்கும் காசநோயாளிகள் இன்று வீட்டிலிருந்தே மருந்து உண்பதற்கு அடிகோலியவர்கள், சென்னைச் சேரிகளில் வாழ்ந்த பெயர் தெரியாத அந்த 193 பேர். அந்த நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் விளங்குகிறது.

அப்படியானால் உணவு வேண்டாமா என்று தாய்மார்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனத்தார் பங்கேற்ற வேறோர் ஆராய்ச்சி அதற்கு விடை கூறிற்று. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், 2,800 காசநோயாளிகளின் இல்லங்களில் வாழ்ந்த 10,345 பேரை எடுத்துக் கொண்டனர். நோயாளிகள் அனைவர்க்கும் மருந்தோடு உணவுப் பொருளும் அளித்தனர். ஒரு பிரிவில் மட்டும் அரிசி, பருப்பு முதலியவற்றைக் குடும்பத்தார்க்கும் அளித்தனர். அவ்வாறு உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது; பிறர்க்குத் தொற்றும் நுரையீரல் காசமோ ஏறத்தாழப் பாதியாயிற்று. 2023இல் இது வெளியாயிற்று. வந்த நோயைத் தீர்ப்பது மருந்து. வராமல் காப்பதில் சோற்றுக்கும் பெரும்பங்கு உண்டு. ஒரு கணக்கு மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை, நிறைவாக்கிற்று.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கிருந்து சோலாப்பூர் செல்லும் பாதையில் குர்டுவாடி. அங்கிருந்து லாத்தூர் செல்லும் கிளையில் பார்சி. அவ்வூர்ப் புற்றுநோய் மருத்துவமனையும் மும்பை டாட்டா நினைவு நிலையமும் சேர்ந்து, இன்று தாராசிவ் எனப்படும் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கின. கிராமங்களை 52 தொகுதிகளாகப் பிரித்து, 1,31,746 பெண்களைச் சேர்த்தனர். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை சோதிக்கப்பட்ட பிரிவில், எட்டாண்டுகளில் அந்நோயால் இறந்தவர்கள் 34 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் இறந்தவர்களோ 64 பேர். 2009இல் இதை உலகம் படித்தது. தாய்மார்களே, முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் இச்சோதனையைப் பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நாணம் வேண்டாம்.

அந்த வைரசைத் தடுக்கும் ஊசி மருந்தொன்று, 1966இல் தொடங்கப்பெற்ற நம் ஹடப்சர்ச் சீரம் நிறுவனத்திலிருந்தே 2023 ஜனவரியில் வெளிவந்தது. அதே நிறுவனம் உற்பத்தி செய்யும் மலேரியாத் தடுப்பு மருந்தோ, ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 4,800 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. அங்கும் குலுக்கல்தான். மலேரியா ஊசி பெறாத குழந்தைகளுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டனர். யாரும் வெறுங்கையோடு போகவில்லை. ஓராண்டில் மலேரியா, பருவ காலத்தில் மட்டும் அந்நோய் பரவும் இடங்களில் நூற்றுக்கு 75 பங்கும், ஆண்டு முழுதும் பரவும் இடங்களில் 68 பங்கும் குறைந்தது. நம் வாசல் வழியே செல்லும் லாரியில் இருக்கும் மருந்துக்குப் பின்னால், முகமறியாத ஆப்பிரிக்கத் தாய் ஒருத்தியின் சம்மதம் இருக்கிறது.

பெரியோர்களுக்கும் ஒரு செய்தி. இதயத்துக்கு நல்லது என்று தாமாகவே தினந்தோறும் ஆஸ்பிரின் விழுங்குவோர் நம்மிடையே பலர். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நலமாக இருந்த முதியோர் 19,114 பேரிடம் இதைச் சோதித்தனர். நலமாக வாழும் காலம் அதனால் நீளவில்லை. இரத்தப் போக்கே அதிகமாயிற்று. 2018இல் வெளியான முடிவு இது. முன்பே மாரடைப்பு வந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். வைத்தியரைக் கேட்டே எதையும் செய்க.

இத்தனையும் சொன்ன நானே, சென்ற ஆண்டு ஒரு தவறு செய்ய இருந்தேன். என் தாயாருக்குச் சர்க்கரை நோய். ஓர் ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று ஒரு மருத்துவமனையில் கேட்டார்கள். "என் தாய் எலியல்ல" என்று சீறினேன். அம்மாவோ, "அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? முதலில் அதைப் படி" என்றார். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஆறு பக்கம். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எனக்குத் தெரிந்த அளவில் தமிழாக்கிச் சொன்னேன். அம்மா மூன்று கேள்வி கேட்டார். தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? வேண்டாமென்று தோன்றினால் நடுவில் விலகலாமா? எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் இப்போதுள்ள மருந்து தொடருமா? மூன்றுக்கும் அக்காகிதத்திலேயே விடை இருந்தது. மறுநாள் அவர் கையெழுத்திட்டார்.

என் சீற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விவரம் கூறாமல் ஏழைகளிடம் கையெழுத்து வாங்கிய செயல்கள் நம் நாட்டில் நடந்ததுண்டு. 2013இல் உச்ச நீதிமன்றமே தலையிட நேர்ந்தது. பின்னர் 2019இல் புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி, நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மருந்துச் சோதனையினால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்னரே ஒப்புதல் பெற வேண்டும். புரியும் மொழி! அன்பர்களே, அந்த ஒரு சொல்லில்தான் நம் சங்கத்துக்குரிய வேலை இருக்கிறது.

ஹடப்சரில் வாழும் நம் முதியோர் பலருக்கு மராத்தி கடைத்தெரு அளவில் வரும், படிக்க வராது. அவர்கள் முன் மருத்துவமனைக் காகிதம் நீட்டப்படும்போது, அஞ்சி மறுக்கிறார்கள். அல்லது அறியாமல் கையெழுத்திடுகிறார்கள். இரண்டும் தவறு. நம் சங்கத்தில் மராத்தியும் ஆங்கிலமும் அறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், இத்தகைய காகிதங்களைத் தமிழில் வாசித்துச் சொல்ல இருவர் அமரட்டும். "சேருங்கள்" என்றோ "சேராதீர்கள்" என்றோ அவர்கள் சொல்ல வேண்டாம். உள்ளதை உள்ளவாறு வாசித்தால் போதும். அடுத்த முறை யாரேனும் ஒரு மருந்தைத் தேடி ஓடச் சொன்னால், "இதை எண்ணிப் பார்த்தவர் உண்டா?" என்று கேட்கவும் அவர்கள் துணை நிற்கட்டும். முதல் ஞாயிறு நானே வந்து அமர்கிறேன்.

அண்ணாச்சிக்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு வேறில்லை.