இரண்டு கச்சான்களுக்கு நடுவே



எங்கள் பேச்சுத் தமிழிலே 'கச்சான்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கோயில் வீதியிலே வறுத்து விற்கும் நிலக்கடலை. மற்றது, மேற்கிலிருந்து வீசும் காற்று. இந்த இரண்டுக்கும் நடுவே பிழைப்பவர்களைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. 2009இல் போர் ஓய்ந்த பின்னர் நாகதீப விகாரையைத் தரிசிக்கத் தெற்கிலிருந்தும் பெருந்தொகையானோர் வருகின்றனர். துறையடியிலே கச்சான், பனங்கட்டி, புழுக்கொடியல் பரப்பி இருப்போருக்கு இந்தச் சனக்கூட்டந்தான் வருமானம். நாகபூசணி அம்மன் மகோற்சவம் ஆனியில் வருகிறது. தென்மேல் பருவக்காற்று வலுப்பதும் அந்தக் காலத்திலேதான். கடல் கொந்தளித்துப் படகு நின்றால் வியாபாரமும் நின்றுவிடும்.

ஒருமுறை, சாக்கை விரித்துக் குடையின் கீழ் இருந்த ஆச்சி ஒருவரிடம் கச்சான் வாங்கினேன்.

"என்னணை ஆச்சி, யாவாரம் எப்பிடி?"

"நேற்று முழுக்கக் காத்து, தம்பி. போட் ஓடேல்லை. கச்சான் கடனுக்கு எடுத்தது. காத்தடிச்சதெண்டு முதலாளி பொறுப்பாரே?"

சொல்லிக்கொண்டே சுண்டால் அளந்து, கடதாசிச் சுருளில் கொட்டி, மேலே ஒரு பிடியும் போட்டார். விடிய வந்தவர் கடைசிப் படகு போகுமட்டும் இருக்கவேண்டும். நன்னீர் அரிதான தீவகத்திலே குடிக்கும் தண்ணீரையும் வீட்டிலிருந்தே சுமந்து வருகிறார். மலசலகூட வசதி இல்லாத இடத்திலே தண்ணீர் குடிக்கவே பெண்கள் தயங்குவார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிலப்பதிகாரத்திலே புகார் நகரின் நாளங்காடி வருகிறது. சோலையிலே, மரங்களே தூண்களாக அமைந்த சந்தை அது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அங்கே நிழல் இருந்தது. ஆச்சியின் சாக்குக்கு மேலே இருந்ததோ ஒரு குடை மாத்திரமே.

இந்தியாவிலே 2014இல் தெருவோர வியாபாரிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும் என்கிறது அது. சட்டம் முழுதாக நடைமுறைக்கு வருவது வேறு விடயம். ஆனால், இடம் ஒதுக்கும்போது அந்த இடத்தில் இருப்பவரையும் கேட்கவேண்டும் என்ற நியாயம் அங்கே எழுத்தில் ஏறிவிட்டது.

கச்சான் காற்றை நிறுத்த எவராலும் முடியாது. ஆனால் நான்கு மரங்களும், ஒரு தண்ணீர்க் குழாயும், ஒரு மலசலகூடமும் எந்தத் துறையடிக்கும் முடியாத காரியமல்ல. அவற்றை எங்கே அமைப்பது என்று தீர்மானிக்கும்போது அந்த ஆச்சியையும் ஒரு சொல் கேட்கவேண்டும்.