பொய்யாக அலறும் மணியும் பொய்யாக உறங்கும் மணியும்



இன்றைய அரங்கில் பேசப்படும் பொருள் வீட்டு அலாரம். புதிதாக அலாரம் வாங்குவது பற்றிய பேச்சு அல்ல இது. பொருத்திச் சில ஆண்டுகள் ஆன பின், காரணமே இல்லாமல் அது அலறத் தொடங்கினால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு.

கிள்ளான் பக்கம் ஒரு தாமானில், இரட்டை மாடி வரிசை வீடு ஒன்றை நேயர்கள் மனக்கண்ணில் கொண்டு வரலாம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மகளும், எழுபது வயதைத் தாண்டிய பாட்டியும் உடன் இருக்கிறார்கள். மழை பெய்த ஓர் இரவில், மணி மூன்று இருக்கும், சைரன் அலறுகிறது. வீட்டுக்காரர் கையில் கிடைத்த கட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார். கதவுகள் எல்லாம் பூட்டியபடியே இருக்கின்றன. கீபேடில் 4 என்ற எண் மின்னுகிறது. அது சமையலறைப் பின்கதவின் ஸோன்.

அடுத்த மழைக்கும் அதே கதை. கதவில் இருந்த சுவிட்ச் கெட்டிருக்கும் என்று எண்ணி, அவர் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். மீண்டும் அலறியது. இரண்டாவதையும் மாட்டினார். அதற்கும் அலறியது. அக்கம்பக்கத்தார் முதல் இரவு விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது இரவு யாரும் பார்க்கவில்லை. புலி வருது கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கடைசியில் அவர் கீபேடில் பைபாஸ் பொத்தானை அழுத்தி, 4ஆம் ஸோனை மட்டும் விலக்கி வைத்தார். வீடு அமைதியானது.

இரண்டு வாரம் கழித்துப் பாட்டி கேட்டார்: “ஏம்பா, அந்தப் பின்கதவு இப்பக் கத்தறதில்லையே, சரியாயிடுச்சா?”

“இல்லம்மா, அதை மட்டும் அடைச்சு வச்சிருக்கேன்.”

“பின்கதவுக்குப் பயந்துதானே அலாரமே போட்டோம்? அதை அடைச்சிட்டா மத்ததெல்லாம் எதுக்குப்பா?”

மகனிடம் பதில் இல்லை. நேயர்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கேள்வி கேட்கப்படாமல் இருக்கிறதோ!

அலாரத்துக்குத் திருடனைத் தெரியாது

கோளாறைத் தேடும் முன், இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1853ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸல் போப் என்பவர் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய அமைப்பில், கதவு திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். அந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு. வயர் அறுந்துவிட்டால் மணி அடிக்கவே அடிக்காது.

இன்றைய வயர் அலாரம் அந்த முறையைத் தலைகீழாக்கியது. கதவு மூடியிருக்கும்போது மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தால் ஓட்டம் நிற்கும். நின்றவுடன் மணி அடிக்கும். திருடன் வயரை வெட்டினாலும் அடிக்கும், எலி கடித்து அறுத்தாலும் அடிக்கும். அலாரத்துக்குத் திருடனைத் தெரியாது. மின்னோட்டம் நின்றது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே, மழை இரவில் அலறிய அலாரம் பொய் சொல்லவில்லை. எங்கோ ஓட்டம் தடைபட்டது என்று உண்மையைத்தான் சொன்னது.

கதவுச் சட்டத்தில் இருக்கும் சிறு வெள்ளைப் பெட்டிக்குள் ரீட் சுவிட்ச் இருக்கிறது. 1936இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது அது. மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு உலோகத் தகடுகள். கதவில் ஒட்டிய காந்தம் அருகில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும்.

இத்துடன் ரெசிஸ்டர் என்னும் சிறு மின்தடைப் பொருளும் சுற்றில் சேர்க்கப்படுகிறது. டி.எஸ்.சி. வகைப் பெட்டிகளில் அது 5,600 ஓம், ஹனிவெல் விஸ்டா வகையில் 2,000 ஓம். பெட்டி எப்போதும் இந்த அளவையே எதிர்பார்க்கும். வயர் அறுந்தால் அளவு எல்லையற்றதாகிவிடும். இரு வயர்கள் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொண்டால் அளவு பூஜ்யத்துக்கு வந்துவிடும். இரண்டுமே கோளாறு என்று பெட்டி உடனே காட்டிக் கொடுக்கும்.

சுவிட்சா, வயரா, பெட்டியா?

அந்த வீட்டுக்கு மனைவியின் தம்பி வந்தார். அலாரம் வேலையில் பழக்கம் உள்ளவர். “மாமா, ரெண்டு சுவிட்ச் மாத்தியாச்சு. மூணாவது வாங்குறதுக்கு முன்னால வயரைப் பார்த்துடுவோம்,” என்றார். அவர் செய்ததை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில், கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைந்த அலாரமா என்று கேட்டறிந்தார். அப்படி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பெட்டியின் மூடியைத் திறந்தாலே சைரன் அடிக்கக்கூடும். பிறகு சுவர் மின்சாரத்தை நிறுத்தினார், உள்ளே இருந்த பேட்டரியின் வயரையும் கழற்றினார். சென்சர் வயரில் ஓடுவது 12 வோல்ட் அளவிலான சிறு மின்சாரம்தான். ஆனால் அதே பெட்டிக்குள் சுவர் மின்சாரமும் வருகிறது. அந்தப் பகுதியில் வீட்டுக்காரர் கை வைக்கக் கூடாது. அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

அடுத்து, 4ஆம் ஸோனின் இரண்டு வயர்களையும் பெட்டியிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் 5,600 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நேரடியாக மாட்டிவிட்டு, மின்சாரத்தைப் போட்டார். கீபேட் 4ஆம் ஸோனை ஒழுங்கு என்று காட்டியது. பெட்டியின் மேல் குற்றம் இல்லை.

பின்னர் கதவருகே போய், சுவிட்சைக் கழற்றி, அதன் மேல் காந்தத்தை வைத்தும் எடுத்தும் மல்டிமீட்டரால் அளந்தார். வைத்தால் பூஜ்யம், எடுத்தால் எல்லையற்றது. சுவிட்சும் நன்றாகவே இருந்தது. காந்தத்துக்கும் சுவிட்சுக்கும் இடையே இருந்த இடைவெளியையும் பார்த்தார். கதவு தொய்ந்தாலோ, மரக்கதவு மழையில் ஊறிப் பருத்தாலோ இந்த இடைவெளி மாறிவிடும். இங்கே அது சரியாக இருந்தது.

எஞ்சியது வயர் மட்டுமே. கதவருகே சுவிட்சையும் ரெசிஸ்டரையும் விலக்கிவிட்டு, இரு வயர் முனைகளையும் முறுக்கி ஒன்றாக்கினார். பெட்டி அருகே அளந்தார். அலாரம் வயர் 20 மீட்டர் ஓடினாலும், போக வர மூன்று அல்லது நான்கு ஓம்தான் காட்ட வேண்டும். மீட்டர் 4 காட்டியது. பரவாயில்லையே என்று வீட்டுக்காரர் சொன்னார். தம்பி விடவில்லை. கூரைத் தட்டுக்குள் ஏறி, வயரை மெதுவாக ஆட்டச் சொன்னார். 4 என்று காட்டிய மீட்டர் 900க்குத் தாவியது, பிறகு 3,000, பிறகு எல்லையற்றது.

வயர் நீளம் போதாமல், பொருத்தியவர் கூரைக்குள் ஓர் இணைப்பு போட்டிருந்தார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றியது. டேப்பின் பசை உருகிப் போயிருந்தது. சுவர் ஓரமாகக் கசிந்த ஈரம் செம்பைப் பிடித்துப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. குளிரும் ஈரமும் மாறும்போதெல்லாம் அந்த இணைப்பு விட்டு விட்டுப் பிடித்தது. களிம்பேறிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதிய செம்பில் ஈயம் பற்ற வைத்து, உறை போட்டு மூடினார். தொலைபேசி வயருக்குப் பயன்படும் ஜெல்லி அடைத்த சிறு இணைப்பானும் இதற்குப் பொருந்தும். முதலிலேயே வயரை அளந்திருந்தால் இரண்டு சுவிட்சுகளுக்கான காசு மிச்சம்.

அலறாத கதவு

வேலை முடிந்தது என்று மாமா தேநீர் கொண்டு வரச் சொன்னார். தம்பி மட்டும், “இருங்க மாமா, எல்லாக் கதவையும் ஒரு தடவை திறந்து பார்த்துடுவோம்,” என்றார். மகள் ஒவ்வொரு கதவாகத் திறந்தாள், பாட்டி கீபேடைப் பார்த்து எண் சொன்னார். 1 வந்தது. 3 வந்தது. 4 வந்தது. வரவேற்பறைச் சறுக்குக் கதவைத் திறந்தபோது 2 வரவில்லை. கதவு முழுவதும் திறந்து கிடந்தது. கீபேடோ எல்லாம் ஒழுங்கு என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

திரைச்சீலைக் கம்பி மாட்டியபோது அடித்த திருகாணி, சுவருக்குள் இருந்த வயரைத் துளைத்து இரு இழைகளையும் ஒன்றாக்கிவிட்டது. பெட்டி அதைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டுமே? கொடுக்கவில்லை. காரணம், 2ஆம் ஸோனின் ரெசிஸ்டர் கதவருகே சென்சர் முனையில் இல்லை. வேலையைச் சுருக்க எண்ணி, பொருத்தியவர் அதைப் பெட்டிக்குள்ளேயே மாட்டியிருந்தார். வயர் வழியில் எங்கே ஒட்டிக்கொண்டாலும் பெட்டிக்குத் தெரிவது அதே 5,600 ஓம்தான். கதவு திறந்தாலும் அதே, மூடினாலும் அதே. திரைச்சீலை மாட்டிய நாளிலிருந்து அந்தக் கதவுக்குக் காவலே இல்லை.

சில காசு விலையுள்ள பொருள் அது. இடம் மாறி இருந்ததால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை வெறும் பச்சை விளக்காகிவிட்டது. அலறிய பின்கதவைப் பார்த்து அவர்கள் பயந்தார்கள். அலறாத முன்கதவை நம்பித் தூங்கினார்கள். உண்மையில் ஆபத்து இருந்தது அலறாத கதவில். வயரை மாற்றி, ரெசிஸ்டரைக் கதவு முனைக்குக் கொண்டு போன பிறகே அன்று தேநீர் குடித்தார்கள்.

அறைக்குள் நடமாட்டத்தைக் காணும் சென்சருக்கும் இதே முறைதான். கூடுதலாக, அதற்கு வரும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு மிகவும் கீழே இறங்கியிருந்தால், பழைய பேட்டரியையோ தளர்ந்த வயரையோ சந்தேகிக்கலாம். பேட்டரிகள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கும், வெப்பமான இடத்தில் அதற்கும் குறைவு. இந்தச் சென்சர் வெப்ப மாற்றத்தைக் காண்பது. ஆகவே முகப்பில் ஊரும் பல்லி, உள்ளே கூடு கட்டிய எறும்பு, நேரே விழும் வெயில் ஆகியவையும் அதை ஏமாற்றும். சில வேளைகளில் ஈரமில்லாத துணியால் துடைப்பதே போதுமான பழுதுபார்ப்பு.

நேயர்களே, பைபாஸ் பொத்தான் ஓர் இரவுக்கு உதவும். பழுது பார்க்கும்வரை பொறுத்துக்கொள்ள அது போதும். அதையே பழுதுபார்ப்பாக எண்ணிவிடக் கூடாது. மாதம் ஒரு முறை, ஒருவர் கதவுகளைத் திறக்க, இன்னொருவர் கீபேடைப் பார்க்கட்டும். மல்டிமீட்டர் வேண்டாம், தொழில்நுட்பம் வேண்டாம், பத்து நிமிடம் போதும். அந்த வீட்டில் இப்போது அந்த வேலை பாட்டியுடையது. மாதத்தின் முதல் ஞாயிறன்று பேத்தியைக் கூப்பிட்டு, “திறடி, பார்ப்போம்,” என்று கீபேட் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.