மலிந்த கலையும் விலையேறிய நினைவும்

இளமை கழிந்தபின் அதனை எண்ணி ஏங்குதல் மாந்தர்க்கு இயல்பு. மடுவின் ஆழத்திற் பாய்ந்து அடிமணலை அள்ளிக் காட்டிய இளமை எங்கே போயிற்று எனத் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் சங்கப் புலவர் இரங்கினார். அத்தகைய ஏக்கம் இன்று அமெரிக்க நாட்டிலே ஐம்பது அகவையை எட்டிய பலரிடத்துக் காணப்படுகின்றது. அவர்கள் நினைந்து உருகுவது, 1990ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டுகளில் ஓங்கி ஒலித்த பங்க் இசையையும் மாற்று றொக் இசையையுமாம்.

இவ்விசையைக் கேட்டறியாத நேயர்களுக்கு அதன் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். பங்க் இசை 1970ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டுகளில் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் வளர்ந்தது. நீண்ட பயிற்சியும் விலையுயர்ந்த கருவியும் இல்லாதாரும் மேடையேறலாம் என்பதே அதன் கொள்கை. அதன் வழிவந்த மாற்று றொக் இசையைப் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் தொடக்கத்திற் பொருட்படுத்தவில்லை. கல்லூரி வானொலி நிலையங்களும் சிறு நிறுவனங்களுமே அதனைப் பேணி வளர்த்தன.

வாஷிங்டன் மாநிலத்திலே, மரத்தொழிலை நம்பி வாழ்ந்த அபடீன் என்னும் சிறுநகரில், 1987ஆம் ஆண்டில் ஓர் இசைக்குழு தோன்றியது. பௌத்தர் போற்றும் நிர்வாணம் என்னும் சொல்லையே அது பெயராகக் கொண்டது. அக்குழுவின் முதல் நெடுந்தட்டு 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை ஒலிப்பதிவு செய்ய ஆன செலவு ஏறத்தாழ 600 டொலர். 1991ஆம் ஆண்டு செப்டெம்பரில் இரண்டாவது நெடுந்தட்டு வெளிவந்தபோது அதனை வெளியிட்ட நிறுவனமும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. எனினும், 1992ஆம் ஆண்டு சனவரியில் அது மைக்கல் ஜாக்சனின் இசைத்தட்டைப் பின்தள்ளி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அக்காலத்து இளைஞரைக் கவர்ந்தது ஒலி மட்டுமன்று; கதவு திறந்திருந்தமையும் ஆகும். வாஷிங்டன் தலைநகரைச் சேர்ந்த ஃபுகாசி என்னும் குழு, நுழைவுக் கட்டணத்தைப் பெரும்பாலும் ஐந்து டொலர் அளவிலேயே வைத்து, எவ்வயதினரையும் அரங்கினுள் அனுமதித்தது. கலிபோர்னியாவின் பேர்க்கிலி நகரில், கில்மன் வீதியிலே தொண்டர்கள் நடத்திய மன்றம் ஒன்று, பெரிய நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்த குழுக்களுக்கு மேடை தர மறுத்தது. அம்மன்றத்திலேயே வளர்ந்த கிரீன் டே குழுவும் பெரிய நிறுவனத்தைச் சேர்ந்தவுடன் அவ்விதிக்கு உட்பட நேர்ந்தது. அக்குழு 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விலைப்பட்டது. ஆயினும், பழைய மேடையில் மீண்டும் ஏற அவர்களுக்கு 2015ஆம் ஆண்டுவரை காலம் சென்றது. அதுவும் ஒரு நன்கொடை நிகழ்ச்சியின் பொருட்டேயாம்.

நினைவு குறைகளை மறைக்கும் தன்மையது. அத்திறந்த கதவினுள்ளும் பெண்கள் நெருக்குண்டு பின்னே தள்ளப்பட்டனர். பிகினி கில் குழுவின் பாடகி கத்லீன் ஹனா, பெண்களை மேடைக்கு அண்மையில் வந்து நிற்குமாறு அழைக்க வேண்டியிருந்தது. ஹெரோயின் என்னும் நச்சுப்பொருள் திறமை மிக்க பலரை அழித்தது. நிர்வாணா குழுவின் பாடகர் கேட் கோபேன் 1994ஆம் ஆண்டு ஏப்ரலில், தமது இருபத்தேழாம் வயதில், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அக்காலத்தைப் பொற்காலம் என்போர் இவற்றையும் உடன் நினைத்தல் கடன்.

கோபேன் 1993ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கில் நிகழ்ந்த தொலைக்காட்சிக் கச்சேரியில் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை அணிந்திருந்தார். கறை போக்காத அச்சட்டை 2019ஆம் ஆண்டில் ஏலத்தில் 3,34,000 டொலருக்கு விலைபோயிற்று. அன்று அவர் வாசித்த கித்தாருக்கு 2020ஆம் ஆண்டில் 60 இலட்சம் டொலருக்கு மேல் கிடைத்தது. அத்தொகையைக் கொண்டு அக்குழுவின் முதலாவது தட்டைப் போலப் பதினாயிரம் தட்டுக்களைப் பதிவு செய்திருக்கலாம். மலிவே சிறப்பாகக் கொண்ட கலையின் நினைவுக்கு இத்துணை விலை ஏறியது எண்ணத்தக்கது.

ஏக்கத்தைப் பழித்தல் இதன் கருத்தன்று. தாம் இருபது வயதிற் கேட்ட பாட்டைத் தம் மகனுக்கோ மகளுக்கோ கேட்பித்து மகிழும் பெற்றோர் நல்லதொன்றையே செய்கின்றனர். ஆனால், அவர்கள் இழந்ததாக எண்ணுவது ஒரு சட்டையையோ கித்தாரையோ அன்று. கையிற் பணமின்றியும், தேர்ச்சி நிரம்பாமலும், ஒரு சிறு மண்டபத்தில் ஏறித் தம் மனத்திலுள்ளதை உரக்கச் சொல்லக் கிடைத்த வாய்ப்பையே அவர்கள் இழந்தனர். அதனை எந்த ஏலத்திலும் மீட்க இயலாது. ஆனால் இன்றைய இளைஞருக்கு வழங்க இயலும். தம் ஊரில் ஒரு மண்டபத்தைச் சிறு கட்டணத்துக்குத் திறந்துவிட்டு, அங்கு எழும் புதிய இரைச்சலைப் பொறுமையோடு கேட்டிருப்பவரே அப்பழைய இசைக்கு உண்மையாக நன்றி செலுத்தியவராவர்.