வெள்ளை அணுக்கள் ஏன் குறைகின்றன?



தோட்டத்தை விட்டுப் பாகான் டாலாமில் குடியேறிய குடும்பமானாலும் சரி, இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் குடும்பமானாலும் சரி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு "வெள்ளை அணு குறைந்திருக்கிறது" என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இரத்தப் புற்றுநோயோ என்று கலங்கிவிடுகிறோம். உண்மையில் இதற்குக் காரணங்கள் பல.

வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் காவல்காரர்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். பிள்ளைகளுக்கு வயதுக்கு ஏற்ப இக்கணக்கு மாறும்.

இவை குறைவதற்கு நம் பக்கத்தில் அடிக்கடி காணும் காரணம் வைரஸ் காய்ச்சல், அதிலும் டிங்கி. 1962-ஆம் ஆண்டிலேயே இரத்தக் கசிவோடு கூடிய கடும் டிங்கி பினாங்கில் கண்டறியப்பட்டது. டைபாய்டு காய்ச்சலிலும் இவை குறையலாம். காய்ச்சல் குணமானதும் பெரும்பாலும் அணுக்கள் தாமாகவே கூடிவிடும்.

இரண்டாவது காரணம் மருந்து. தைராய்டுக்குக் கொடுக்கும் கார்பிமசோல், மனநோய்க்கான குளோசாபின், புற்றுநோய் மருந்துகள் ஆகியவை அணுக்களைக் குறைக்கக்கூடும். இவற்றைச் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால், அன்றே மருத்துவமனைக்குப் போய், சாப்பிடும் மருந்தைக் காட்டவேண்டும்.

மூன்றாவது, சத்துக் குறைவு. கீரையில் உள்ள போலிக் அமிலமும், மீன், முட்டை, பாலில் உள்ள பி12 சத்தும் இல்லாமல் மஜ்ஜை வேலை செய்யாது. மண்ணீரல் வீக்கம், மஜ்ஜை நோய் முதலியவையும் காரணமாகலாம். ஆகவே, குறைவு நீடித்தால் மறுபடியும் சோதிக்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிங்கியில் காய்ச்சல் விட்டதும், "பிள்ளை தேறிவிட்டான்" என்று நாம் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான்! கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், அசதி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டுவோம். வருமுன் காப்பதே அறிவு.