பேதுருவின் பேச்சு வழக்கு

(வானொலி மறையுரை)



தலைமைக்குருவின் வீட்டு முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய பேச்சுத்தான். வாயைத் திறந்ததும் கலிலேய வழக்கு வந்துவிட்டது. எருசலேம்காரருக்குக் கலிலேயர் என்றாலே ஒரு கணிப்பு: படிப்பில்லாதவர்கள், கலகக்காரர்கள். பேதுரு சத்தியம் பண்ணி மறுத்தார். கோழைத்தனம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். (மற்றச் சீடர்களில் பலர் அந்த முற்றத்துப் பக்கமே வரவில்லை.) ஆனால் அவர் மறுத்தது ஆண்டவரை மட்டுமல்ல. தன் ஊரை, தன் கூட்டத்தை, ஒரு வகையில் தன்னையே மறுத்தார்.

தமிழ் பேசும் நமக்கு இது புதிதா? 1983 ஜூலையில், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லவைத்து ஆளைப் பிரித்தார்கள். பொட்டை அழித்துக்கொண்டு வீதியில் இறங்கிய தாய்மார் இன்னும் நம் பங்குகளில் இருக்கிறார்கள்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்த முற்றத்தில் நின்றவர்கள் முஸ்லிம் மக்கள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று 260க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அந்தக் காயத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் ஸஹ்ரானைப் பற்றித் தாக்குதலுக்கு முன்பே பொலிசாரிடம் முறையிட்டவர்கள் முஸ்லிம்கள். குண்டுதாரிகளின் உடல்களைத் தங்கள் மையவாடியில் அடக்கவிடமாட்டோம் என்று சொன்னவர்களும் அவர்களே. இதெல்லாம் செய்தியில் வந்தது, மனதில் தங்கவில்லை. மே மாதத்தில் பள்ளிவாசல்களும் கடைகளும் உடைக்கப்பட்டன. முகத்தை மூடுவதற்குத்தான் தடை வந்தது. தலையை மட்டும் மறைத்த பெண்களையும் வைத்தியசாலை வாசலிலும் அலுவலக வாசலிலும் நிறுத்தினார்கள். குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குக் கள்ளமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகை எழுதியது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடியும் ஆதாரம் கிடைக்கவில்லை.

வெளியே நடந்தது இது. உள்ளே நடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு புடைவை வியாபாரி ஒருநாள் சொன்னார்: "பாதர், காலையில கண்ணாடி பார்க்கிற நேரம்கூட, செக் பொயின்ட்ல நிக்கிற ஆள் பார்க்கிற மாதிரித்தான் என்னை நான் பார்க்கிறன்." தாடியைக் குறைக்கலாமா, பஸ்ஸில் பையை மடியில் வைக்கலாமா, பிள்ளையைப் பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு யோசனை. தான் செய்யாத ஒன்றுக்காக, யாரும் கேட்காமலே மன்னிப்புக் கேட்கும் பழக்கம். அவருடைய மகனோ நேர்மாறு. எப்படியும் எங்களை அப்படித்தான் பார்க்கிறார்கள், பார்க்கட்டும் என்று ஒதுங்கி, பழைய சிங்கள, தமிழ்க் கூட்டாளிகளை விட்டுவிட்டான். தகப்பன் ஒடுங்கிப்போனார், மகன் இறுகிப்போனான். இருவரையும் செதுக்கியது ஒரே பார்வைதான். அந்தப் பார்வையில் நம்முடைய கண்ணும் உண்டு என்றே நினைக்கிறேன். ஆலய வாசலில் பை பார்ப்பது தேவை. அதில் எனக்கு மறுப்பில்லை. எல்லாருடைய பையையும் ஒரே மாதிரிப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, பேதுரு மறுத்த முற்றத்தில். மற்றது, உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் மீன் சுட்டு வைத்திருந்த இடத்தில். இந்த இரண்டாம் நெருப்பருகே அவர் பேதுருவிடம் விளக்கம் கேட்கவில்லை. தகப்பன் பெயரையும் சேர்த்து, யோவானின் மகன் சீமோன் என்று மூன்று முறை கூப்பிட்டார். கலிலேயப் பேச்சிலேதான் கூப்பிட்டிருப்பார். அவரும் நாசரேத்தூர்க்காரர்தானே.